ஊரிலிருக்கும் பழைய கம்ப்யூட்டர்

நியூஜெர்சியில் சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு போன் வரும். திருநெல்வேலியில் அப்போது ஞாயிறு காலை ஆறரை, குளிர்காலமென்றால் ஏழரை. “ஐயா, ஸ்க்ரீன்ல என்னமோ கேக்கு. அமுக்கட்டுமா, வேண்டாமா?” என்பார் தாத்தா.

நம் வாலிபர் பலருக்கும் பழகிய அழைப்புதான் இது. போனிலேயே வழி சொல்லி இரண்டு பக்கமும் களைத்துப்போவதைவிட, இங்கிருந்தே அந்தத் திரையைப் பார்த்துச் சரிசெய்துவிடலாம். அதற்கு நாங்கள் பயன்படுத்தும் வழிகள் இவை.

முதலாவது, மைக்ரோசாஃப்ட் தரும் குவிக் அசிஸ்ட். உதவி செய்கிற நமக்குக் கணக்கு இருந்தால் போதும். நாம் தரும் குறியீட்டைத் தாத்தா தட்டி, அனுமதி கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, குரோம் ரிமோட் டெஸ்க்டாப். இலவசம். தாத்தா தம் திரையில் வரும் 12 இலக்க எண்ணை வாசித்தால் நாம் உள்ளே போகலாம். அருகில் ஆளில்லாதபோதும் நுழைய வேண்டுமானால், பின் எண் வைத்து நிலையாக அமைக்கலாம். கம்ப்யூட்டர் ஸ்லீப் ஆகாதபடி மாற்றி வையுங்கள். கரண்ட் போய் வந்ததும் தானே இயங்கும் வசதி பல டெஸ்க்டாப்களின் பயாஸில் உண்டு.

மூன்றாவது, விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப். ஹோம் பதிப்புள்ள கம்ப்யூட்டருக்குள் இதனால் நுழைய முடியாது. இதற்காக ரவுட்டரில் 3389 போர்ட்டைத் திறந்து வைக்கவும் வேண்டாம். 2019-இல் ‘புளூகீப்’ என்ற ஓட்டை வெளிப்பட்டபோது, 2014-இலேயே ஆதரவு முடிந்த எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் திருத்தம் கொடுத்தது. ஆபத்து அவ்வளவு பெரியது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. ஆகவே ஊருக்குப் போகும்போது முதல் வேலையாகக் குடும்பப் படங்களை வெளி டிஸ்கில் நகலெடுங்கள். விண்டோஸ் 11 ஏறாத கம்ப்யூட்டரில் லினக்ஸ் போடலாம்.

ஒரு எச்சரிக்கை. திருடர்களும் இதே கருவிகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். “பேங்க்ல இருந்து பேசுறோம்” என்று அழைத்து, எண்ணைக் கேட்பார்கள். ஆகவே பெரிய எழுத்தில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவிடுங்கள்: “வீடியோ காலில் எங்கள் முகத்தைப் பார்க்காமல் எண்ணைச் சொல்ல வேண்டாம். சந்தேகம் வந்தால் இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிடுங்கள்.”

வேலை முடிந்ததும் போனை உடனே வைத்துவிடாதீர்கள். கம்ப்யூட்டர் சரியான பிறகும் தாத்தாவுக்குச் சொல்ல நிறைய இருக்கும்.