கூட்டத்தில் கைப்பை பத்திரம்

தீபாவளிக்குத் துணி எடுக்கச் சென்னை வருகிறீர்களா, நேயர்களே? மாம்பலம் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தாலே ரங்கநாதன் தெரு. பண்டிகை நேரத்தில் அங்கே நாம் நடக்க வேண்டியதில்லை, கூட்டமே தள்ளிக்கொண்டு போகும். தெருவுக்குள் நுழையும் முன்பே முதுகுப்பையை மார்புப் பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். கைப்பை என்றால் ஜிப் உடம்பை ஒட்டி இருக்கட்டும்.

பிடுங்கிக்கொண்டு ஓடுபவரை விட, பேச்சுக் கொடுப்பவரிடம்தான் கூடுதல் கவனம் தேவை. "சார், உங்க பணம் கீழே கிடக்கு" என்பார் ஒருவர். குனிந்து அந்தப் பத்து ரூபாய் நோட்டை எடுப்பதற்குள், பக்கத்தில் வைத்த பையோடு கூட்டாளி போய்விடுவார். "சட்டையில ஏதோ அசிங்கம் பட்டிருக்கு" என்பதும் இதே வேலைதான். யார் என்ன சொன்னாலும் முதலில் பையை இறுக்கிப் பிடியுங்கள், பிறகு திரும்பிப் பாருங்கள்.

வழி தெரியவில்லையா? நடுத்தெருவில் நின்று செல்போனில் மேப் தேடினால் வெளியூர் என்று காட்டிக்கொடுத்துவிடும். ஏதாவது ஒரு கடைக்குள் ஒதுங்கிப் பாருங்கள். சாப்பிட உட்கார்ந்தால் பை மடியில் இருக்கட்டும், நாற்காலி முதுகில் வேண்டாம்.

ஊரிலிருந்து கிளம்பும் முன் இன்னொரு வேலை. செல்போனில் ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். அதைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். போன் திருடு போனால், போலீசில் புகார் கொடுத்துவிட்டு, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் அந்த எண்ணைக் கொண்டு போனை முடக்கிவிடலாம். ரயிலில் உதவிக்கு 139, மற்ற இடங்களில் அவசரத்துக்கு 112.