சர்க்கரை வியாதியும் சிறுநீரகமும்: மூலிகை எதுவரை உதவும்?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரச் சங்கங்களுக்கு நாம் செல்லுமிடத்தெல்லாம் நீரிழிவுள்ள அங்கத்தினர் பலர் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர்: “சிறுகுறிஞ்சான் தூள் உண்டால் சிறுநீரகம் கெடாதாமே, மாத்திரையை நிறுத்திவிடலாமா?” இதற்கு ஒரு வார்த்தையில் விடை கூற இயலாது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. அவை நெருக்கி நெய்த துணியை ஒத்தவை. கழிவு நீரை வெளியே விட்டு, ஆல்புமின் என்னும் புரதத்தை இரத்தத்திலேயே தடுத்து நிறுத்தும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பல ஆண்டுகள் மிகுந்திருப்பின், அத்துணி நமது சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிபோல் இழை விலகிவிடுகிறது. (அது புண்ணுக்கு உகந்த துணி, வடிகட்டிக்கு ஆகாது!) புரதம் சிறுநீரில் ஒழுகத் தொடங்குகிறது. வலி சிறிதும் இராது. முகமும் காலும் வீங்கும்போது சேதம் வெகுதூரம் சென்றிருக்கும்.

இந்நோய்க்கு இன்று வழங்கப்படும் சிறந்த மருந்துகளில் ஒரு வகை, தாவரத்தை மூலமாகக் கொண்டதே. 1835-இல் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து புளோரிசின் என்ற கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதை உட்கொண்டால் சர்க்கரை சிறுநீர் வழியே வெளியேறுவதை 1886-இல் ஜெர்மானிய மருத்துவர் வான் மேரிங் கண்டார். சிறுநீரகம் நாள்தோறும் சுமார் 180 கிராம் சர்க்கரையை வடிகட்டி, மீண்டும் இரத்தத்துக்கே அனுப்புகிறது. அந்தத் திருப்பத்தைப் புளோரிசின் தடுக்கிறது. ஆயினும் பட்டைப்பொருள் குடலில் நன்கு உறிஞ்சப்படவில்லை, பேதியும் உண்டாயிற்று. ஆகவே இரசாயன அறிஞர்கள் அதன் அமைப்பை மாற்றி, டாபாகிளிப்ளோசின் போன்ற மருந்துகளைச் செய்தனர்.

நாட்பட்ட சிறுநீரக நோயாளிகள் 4,304 பேரிடம் நடத்திய பரீட்சையின் முடிவு 2020-இல் வெளியாயிற்று. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் நீரிழிவுள்ளோர். இரண்டரை ஆண்டுக்குச் சற்றுக் குறைந்த காலத்தில், மருந்தற்ற போலி மாத்திரை பெற்றோரில் 100-க்கு 14 அல்லது 15 பேருக்குச் சிறுநீரகம் பெரிதும் கெட்டது, அல்லது அந்நோயாலோ இருதய நோயாலோ மரணம் நேர்ந்தது. டாபாகிளிப்ளோசின் பெற்றோரில் இது 9 பேருக்கே நேர்ந்தது. 2020-இல் இந்தியாவில் இதன் காப்புரிமை முடிவுற்று, பல கம்பெனிகள் தயாரிக்கத் தொடங்கியதால் விலையும் இறங்கியது.

சிறுகுறிஞ்சானும் வெறும் பச்சிலையன்று. இலையை மென்றபின் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை வாயிலிட்டாலும் இனிப்புத் தெரியாது! சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், 22 நோயாளிகள் 18 முதல் 20 மாதங்கள் வழக்கமான மாத்திரையுடன் இலைச்சத்தும் உண்டனர். சர்க்கரை குறைந்தது, சிலருக்கு மாத்திரையும் குறைந்தது. ஆனால் அது சர்க்கரையைப் பற்றிய ஆய்வு. சிறுநீரகத்தைக் காக்குமா என்று ஆயிரக்கணக்கானோரிடம் சோதித்த சான்று இவ்விலைக்கு இல்லை. ஆகவே அதை நம்பி மாத்திரையை நிறுத்துவது தகாது என்பதே நம் கருத்து.

கரிசல் நிலத்து விவசாயிகளுக்கு மற்றொன்றும் கூற வேண்டும். ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் நாட்டு வைத்தியத்தில் பெயர் பெற்றவை. அவற்றிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தையே அழிப்பது, புற்றுநோயையும் உண்டாக்குவது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில் உடல் இளைக்க மூலிகைத் தூள் உண்ட பெண்கள் பலரின் சிறுநீரகம் செயலிழந்தது. அத்தூளில் கலந்திருந்தது இதே இனத்துச் செடி. பெயர் தெரியாத கலவைச் சூரணம் எதையும் நீரிழிவாளர் வாங்க வேண்டா.

ஆண்டுக்கொருமுறை இரத்தத்தில் கிரியாட்டினினையும், சிறுநீரில் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதத்தையும் பரிசோதிக்குமாறு கேட்டல் வேண்டும். சர்க்கரைப் பரிசோதனை மட்டும் இதைக் காட்டாது. அவ்விகிதம் கிராமுக்கு 30 மில்லிகிராமை மீறினால் மறுமுறை பரிசோதித்து உறுதி செய்வர். ஆரம்ப நிலையில் சிகிச்சை நன்கு பலிக்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. தூள் உண்போர் அதை மறைக்காமல், பொட்டலத்தையே டாக்டரிடம் காட்டுவது நலம். இன்சுலினுடன் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடக்கூடும்.