சுடாத துப்பாக்கி

சில்வர் பீச்சில் பலூன் சுடும்போது யாருக்கும் இயற்பியல் சந்தேகம் வருவதில்லை. விசையை அழுத்தினால் குண்டு போகிறது, குண்டு பட்டால் பலூன் வெடிக்கிறது. வெடிக்காவிட்டால் குழலை வளைத்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே சுண்டல் வாங்கப் போய்விடுவோம்.

சந்தேகம் வந்திருப்பது சிதம்பரம் மேல வீதி வாசகர் ஒருவருக்கு. சரியாகச் சொன்னால், அவருடைய பத்து வயது மகளுக்கு. மும்பைக்குப் போன குடும்பம், கோபோலி பக்கம் 2013-இல் திறந்த இமேஜிகா தீம் பார்க்குக்கும் போயிருக்கிறது. அங்கே ‘அலிபாபா அவுர் சாலீஸ் சோர்’ என்று ஒரு இன்டராக்டிவ் டார்க் ரைடு உண்டு. 1956-இலேயே மாடர்ன் தியேட்டர்ஸ் நமக்கு வண்ணத்தில் காட்டிவிட்ட அதே நாற்பது திருடர்கள்தான். இங்கே வண்டியில் உட்கார்ந்தபடி இருட்டுக்குள் அவர்களை நாமே சுட வேண்டும். இறங்கியதும் மகள் கேட்டாளாம்: “ஏம்ப்பா, துப்பாக்கியிலேருந்து ஒண்ணுமே வரலையே, அப்புறம் எப்படி மார்க்கு? எல்லாருக்கும் சும்மாவே போட்டுடறாங்களா?”

இரண்டாவது கேள்விதான் கனமானது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

2025 டிசம்பரில் திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் வொண்டர்லா திறந்ததிலிருந்து, லீவு வந்தால் தீம் பார்க் பேச்சுதான். விளம்பரங்களோ உலகெங்கும் ஒரே மாதிரி: அடுத்த தலைமுறை, ஏ.ஐ., உங்களை அப்படியே உள்ளிழுக்கும் அனுபவம். பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் ஒரு டார்க் ரைடு என்பது ஜன்னல் இல்லாத பெரிய கொட்டகை, நிறைய கறுப்புப் பெயின்ட், வளைந்து வளைந்து போகும் பாதை. சுடுகிற வகை என்றால் கூடவே உங்கள் வீட்டு டி.வி. ரிமோட்.

ரிமோட் என்று குறைத்துச் சொன்னாலும், எனக்குப் பிடித்த சங்கதி அதில்தான் இருக்கிறது. கடலூர் பஸ் ஸ்டாண்டுக் கண்டக்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போகலாம். துப்பாக்கி முனையிலுள்ள எல்.இ.டி.யும் ஒரு கண்டக்டர்தான். அவர் ஊதுவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை. எந்த விசிலிலும் சுருதி உண்டு, தாளம் உண்டு. இங்கே சுருதி என்பது ஒளி நொடிக்கு எத்தனை தடவை அணைந்து எரிகிறது என்பது. ரிமோட்டுகளில் பெரும்பாலும் 38,000 தடவை. திருடன் பொம்மையின் நெஞ்சிலிருக்கும் உணரி அந்தச் சுருதியைத் தவிர எதையும் காதில் போட்டுக்கொள்ளாது. வெயிலும் குண்டு பல்பும்கூட அகச்சிவப்பை வாரி இறைக்கின்றன. ஆனால் வெயில் ஒரே சீராகக் கத்துகிறது. பல்பு நொடிக்கு 100 தடவை லேசாக நடுங்குகிறது. இரண்டும் சுருதி சேராத கச்சேரி.

தாளம்தான் அடையாள அட்டை. நீளம், குட்டை, குட்டை, நீளம் என்று ஒவ்வொரு துப்பாக்கியும் தன் எண்ணை ஊதுகிறது. ‘7-ஆம் வண்டி, இடது சீட்டு’ என்று உணரி கணினிக்குச் சொல்ல, அது அந்த சீட்டின் கணக்கில் புள்ளியை ஏற்றுகிறது.

இனி ஒரே பஸ்ஸுக்கு நாற்பது கண்டக்டர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் ஒரே கணத்தில் ஊதினால் தாளம் கலந்துவிடும். டிரைவர் இருவரையும் மதிக்காமல் சும்மா இருந்துவிடுவார். குறி தப்பவில்லை, ஆனால் மார்க்கு இல்லை. இதைத் தவிர்க்க, ஒவ்வொருவரும் நொடியின் எந்தத் துணுக்கில் ஊத வேண்டும் என்று முறை வைக்கலாம். பின் சீட்டுக் கல்லூரிப் பையன்கள் விசிலடித்தால்? சுருதி தெரிந்தவன் ஒருவன் இருந்தாலும் பஸ் கிளம்பிவிடும். டிக்கெட், சில்லறை பாக்கி, ஃபுட்போர்டு என்று இன்னும் இழுக்கலாம். கண்டக்டர் முறைக்கிறார், நிறுத்திக்கொள்கிறேன்.

ஏனென்றால் இதைவிட அழகான வழி ஒன்று இருக்கிறது. டிரைவர் ஊதட்டும், கண்டக்டர் கேட்கட்டும்!

அதாவது பொம்மை தன் எண்ணை மினுக்கிக்கொண்டே இருக்கும். துப்பாக்கிக் குழலின் முனையில் ஒரு லென்ஸ், உள்ளே ஒரு ஒளி உணரி. லென்ஸுக்கு எதிரே உள்ள சின்ன வட்டம் மட்டுமே அதற்குத் தெரியும். விசையை அழுத்துவது, ‘இப்போது என்ன தெரிகிறது?’ என்று கேட்பதுதான். 23-ஆம் பொம்மை தெரிந்தால் அதற்குரிய புள்ளி. இந்தத் துப்பாக்கி சுடுவதே இல்லை, பார்க்கிறது. நாற்பது பேர் ஒரே திருடனைக் குறிபார்த்தாலும் குழப்பமில்லை. கீழ வீதியில் தேர் வரும்போது ஆயிரம் பேர் பார்ப்பதால் தேர் மங்கிவிடுவதில்லை. கணக்கும் வண்டிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. பொம்மை யாருக்கும் தகவல் சொல்ல வேண்டியதில்லை.

தொண்ணூறுகளில் டி.வி. கேமில் வாத்து சுட்டவர்கள் இதை ஏற்கெனவே கையில் பிடித்திருக்கிறார்கள். ஜப்பானின் நின்டெண்டோ 1984-இல் கொண்டுவந்த விளையாட்டு அது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகும். இருட்டுக்குப் பின் வெளிச்சத்தைத் துப்பாக்கி பார்த்தால் வாத்து செத்தது. முதலில் கறுப்பு எதற்கு? துப்பாக்கியை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து மார்க்கு அள்ளப் பார்க்கும் நம் போன்றவர்களுக்காக. 2006-இல் வந்த வீ விளையாட்டுப் பெட்டியிலும் அதே தலைகீழ்தான். டி.வி. மேல் வைக்கும் பட்டைக்கு ‘சென்சார் பார்’ என்று பெயர், ஆனால் அதில் சென்சார் கிடையாது. இரு முனைகளிலும் அகச்சிவப்பு விளக்குகள் மட்டுமே, கேமரா கைக்கருவியில். பட்டையைக் கழற்றிவிட்டு இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தாலும் விளையாடலாம். கார்த்திகைக்கு வாங்கிய அகல் விளக்கும் செல்லும்.

கண்ணிலிருந்து கதிர் கிளம்பிப் பொருளைத் தொடுவதால்தான் பார்வை என்று யூக்ளிட் சொன்னார், நம் நியாய தரிசனத்தாரும் சொன்னார்கள். ஒளி பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிறது என்று ஆயிரம் வருடங்களுக்கு முன் இப்னு அல் ஹைதம் நிறுவினார். ஆனாலும் வாசலில் பூசணிக்காய் கட்டுகிற நாம் இன்னும் பழைய கட்சிதான். ஊதும் துப்பாக்கி கண்ணேறு கட்சி. பார்க்கும் துப்பாக்கி இப்னு அல் ஹைதம் கட்சி.

வரலாறு இல்லாவிட்டால் கட்டுரை ஆகாது என்பதால் ஒரு பத்தி. 1928-இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் லியான் கசிடி என்பவர், ஒற்றைத் தண்டவாளத்தில் முறுக்கு போல வளைந்து போகும் இருட்டுச் சவாரிக்குக் காப்புரிமை வாங்கினார். சின்ன அறைதான், திரும்பித் திரும்பிப் போனதில் ரொம்ப தூரம் போனதாகத் தோன்றியது. 1998-இல் டிஸ்னி தன் ஃபுளோரிடா பார்க்கில் பயணிகளின் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, மார்க்கும் போட்டது. ‘புத்தம் புதிய’ இன்டராக்டிவ் ரைடுக்கு அப்படிப் பார்த்தால் கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. படகில் இருட்டுக்குள் நுழைவதுதான் வேண்டுமென்றால், பிச்சாவரத்தில் சுரபுன்னைக் கிளைகள் கவிந்த கால்வாய்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. குனியாவிட்டால் கிளை தலையில் தட்டும்; அதுவும் இன்டராக்டிவ்தான்.

கிளம்பத் தீர்மானித்தவர்களுக்குச் சில கணக்குகள். இள்ளலூருக்கு நம் பக்கத்திலிருந்து போக, ரயிலில் செங்கல்பட்டு வரை சென்று திருப்போரூர் சாலையைப் பிடிக்கலாம். எந்தப் பார்க்குக்குப் போனாலும், வரிசையின் நீளத்தைப் பார்த்து மிரள வேண்டாம், வேகத்தைப் பாருங்கள். ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதி இதுதான்: வரிசையில் நிற்பவர்களை நிமிடத்துக்கு உள்ளே போகிறவர்களால் வகுத்தால் காத்திருக்கும் நேரம். 20 நொடிக்கு ஒரு நாலு சீட்டு வண்டி என்றால் நிமிடத்துக்கு 12 பேர். எதிரே 360 பேர் நின்றால் அரை மணி நேரம். சவாரி நாலு நிமிடமா எட்டு நிமிடமா என்பது இந்தக் கணக்கில் வராது. ஆனால் நாலு சீட்டில் இருவர் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தால் அரை மணி ஒரு மணி ஆகிவிடும். வேகம் குறைந்த ரைடுக்குக் காலையில் முதல் ஆளாகப் போய்விடுங்கள். வேகமானது மத்தியானமும் நகரும்.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனால் ஒரு இலவசக் காட்சி உண்டு. இருட்டறைகளில் பெயின்ட்டை மினுக்கப் புறஊதா விளக்கு வைப்பார்கள். சலவைத் தூளிலுள்ள ஒளிர்ப்பான்களால் உங்கள் சட்டையும் நீலமாகப் பளபளக்கும்.

இப்போது மேல வீதிக் கேள்வி: எல்லோருக்கும் சும்மாவே மார்க்கு போடுகிறார்களா? அடுத்த முறை முதல் அறையில் துப்பாக்கியின் வாயை உள்ளங்கையால் இறுக மூடிக்கொண்டு விசையை அழுத்தச் சொல்லுங்கள். துப்பாக்கி ஊதுகிற வகையானாலும் சரி, பார்க்கிற வகையானாலும் சரி, கை மறைத்தால் ஒளிக்கு வழியில்லை. அப்போதும் புள்ளி ஏறினால் மகள் சொன்னதுதான் உண்மை, எனக்கு எழுதுங்கள். ஏறாவிட்டால் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு ஒழுங்காகக் குறிபார்க்கச் சொல்லுங்கள். அதற்குள் பத்துத் திருடர்களாவது தப்பியிருப்பார்கள்.