கட்டத்துக்குள் 'சிட்டி' ரோபோ!
குறுக்கெழுத்தில் கைகோக்கும் நாகர்கோவில், சீரங்கம்

நாகர்கோவில்:

"வே, மூணு எழுத்து. எந்திர மனுசன். பேரைக் கேட்டா பெரிய டவுன் மாதிரி இருக்கும். என்னவே?"

வடசேரி பஸ் நிலையத்தில் திருவனந்தபுரம் பஸ்சுக்கு நிற்பவர் பக்கத்து ஆளிடம் இப்படிக் கேட்டால், பதில் சட்டென்று வரும். "சிட்டி!" ரஜினி நடித்த 'எந்திரன்' ரோபோவை அறியாதவர் யார்?

விஞ்ஞானக் கதையை வைத்துக் குறுக்கெழுத்துப் போடுவது வெளிநாட்டில் பழைய சங்கதி. 'ஸ்டார் டிரெக்' டெலிவிஷன் தொடர் 1966-ல் தொடங்கியது. பத்தே ஆண்டில், 1976-ல், அதற்கென்று ஒரு புதிர்ப் புத்தகமே அமெரிக்காவில் வந்துவிட்டது.

பென்சிலும் இலவசம்!

குறுக்கெழுத்தின் வயது நூற்றுக்கு மேல். 1913 டிசம்பர் 21-ந் தேதி 'நியூயார்க் வேர்ல்டு' பத்திரிகையில் ஆர்தர் வின் என்பவர் முதல் புதிரை வெளியிட்டார். 1924-ல் முதல் புத்தகம் வந்தது. கூடவே ஒரு பென்சிலையும் இணைத்து விற்றார்கள். விற்பனை படு ஜோர்!

நம் பக்கம் 1930-களில் 'ஆனந்த விகடன்' பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டி நடத்தியது. நாடு முழுவதும் இப்படிப் போட்டிகள் பெருகின. நாலணா போட்டு நாலாயிரம் அள்ளலாம் என்ற ஆசை ஆளை விடுமா? பல போட்டிகளில் ஒரே குறிப்புக்கு இரண்டு விடை பொருந்தும். எது 'சரி' என்பது நடத்துபவருக்கே வெளிச்சம்.

1955-ல் மத்திய அரசு சட்டம் போட்டது. மாதத்துக்கு மொத்தப் பரிசு ஆயிரம் ரூபாயைத் தாண்டக்கூடாது. 2 ஆயிரம் கூப்பனுக்கு மேல் வாங்கக்கூடாது. இந்தச் சட்டம் சூதாட்டப் போட்டிகளுக்குத்தான், திறமைப் போட்டிகளுக்கு அல்ல என்று 1957-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

புதிர்ப் புத்தகத்தில் இந்த வம்பே இல்லை. ஒருமுறை காசு, அப்புறம் மூளைக்கு மட்டும்தான் வேலை.

தமிழில் என்ன கஷ்டம்?

ஆங்கிலத்தில் 26 எழுத்து. தமிழிலோ 247, 'ஜ', 'ஸ' எல்லாம் அதற்கு மேல். ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து. புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம்.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' கதையில் வரும் ரோபோ நாய் ஜீனோ. அதை 'சுஜாதா' என்ற பெயரோடு கோக்கப் பாருங்கள். அங்கே 'ஜா', இங்கே 'ஜீ'. ஒட்டாது! ஆங்கிலம் என்றால் ஒரே எழுத்தில் வேலை முடிந்துவிடும். தமிழில் கட்டம் போடுகிறவர் படும் பாடு இதுதான்.

ஆனால் பொருந்தினால் அதன் ருசியே தனி. பென்சிலை எடுங்கள்.

இடமிருந்து வலம்: வானம் தேம்பி அழுமா? (4)

மேலிருந்து கீழ்: ஜீனோவைப் படைத்தவர். (3)

முதல் விடையின் இரண்டாம் கட்டமே அடுத்த விடையின் முதல் கட்டம்.

தெரியவில்லையா? முதல் விடை 'விசும்பு'. வானம் என்றும் பொருள். தேம்பி அழு என்றும் பொருள். நாகர்கோவில் எழுத்தாளர் ஜெயமோகனின் விஞ்ஞானக் கதைத் தொகுப்புக்கும் அதே பெயர்தான். இரண்டாவது விடை சுஜாதா. சீரங்கத்தில் வளர்ந்தவர். இருவரும் சந்திக்கும் கட்டம் 'சு'!

இந்தச் சந்திப்பு கட்டத்தோடு நிற்கவில்லை. 2008-ல் மறைந்த சுஜாதாவுக்கு 2010-ல் வந்த 'எந்திரன்' வசனத்தில் பங்கு உண்டு. 2018-ல் வந்த அடுத்த பாகமான '2.0' வசனத்தில் ஜெயமோகனுக்குப் பங்கு. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பேனாவை எடுத்தார்.

சிட்டியும் குட்டி ரோபோவும் 'ட்' கட்டத்தில் அழகாகக் குறுக்கிட்டுக்கொள்ளும். சரக்குக்குப் பஞ்சமில்லை. தமிழ் வாத்தியாரும் சினிமா ரசிகரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தால் ஒரு புத்தகம் தேறும்.

பத்து வயசுப் பையன் 'சிட்டி'யைத் தேடி வருவான். 'விசும்பு' என்ற பழந்தமிழ்ச் சொல்லோடு வீட்டுக்குப் போவான். எந்தப் பரிசுப் போட்டியும் தராத லாபம் அது.