துருப்பை மறந்த அம்மாவும், சீட்டு கற்ற டாக்டரும்!

"டாக்டர், எங்கம்மாவுக்கு மறதி வந்துடுச்சாம். கண்டுபிடிச்சுச் சொன்னது யார் தெரியுமா? கனடாவுல இருக்கற சீட்டுக்கச்சேரி பார்ட்னர்!"

சொல்லிவிட்டு அந்தப் பெண்மணி பக்கத்தில் இருந்த தன் அம்மாவை ஒரு முறை முறைத்தார். அம்மாவுக்கு வயது 71. அடையாறில் நாற்பது வருஷத்துக்கு மேல் குடியிருப்பவர். முழங்கால் வலிக்காக என்னிடம் தைலம் வாங்கிப்போவார். அவருக்குள் ஒரு சீட்டுப்புலி ஒளிந்திருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது!

கதை இதுதான். 1983 கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் இவர்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தது. கரெண்ட் போன ராத்திரிகளில் மொட்டை மாடியில் பாய் விரித்து, அந்த வீட்டு அம்மாள் இவருக்கு '304' என்ற சீட்டாட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். சில வருஷம் கழித்து அவர்கள் கனடாவுக்குப் போய்விட்டார்கள். ஆட்டமும் நின்றுபோனது. கொரோனா வந்து எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த 2020-ல், பேத்தி செல்போனில் ஒரு செயலியை இறக்கிக் கொடுக்க, பழைய ஜோடி மறுபடி சேர்ந்துவிட்டது. இங்கே இவர், டொரன்டோவில் அந்தத் தோழி, லண்டனில் தோழியின் தம்பி, கோயம்புத்தூரில் இவருடைய சித்தி பெண். தினமும் நம் நேரப்படி மாலை ஏழரை மணிக்கு ஆட்டம். டொரன்டோவில் அப்போது காலை பத்து மணி, குளிர்காலமானால் ஒன்பது.

அந்தத் தோழிதான் மகளுக்கு போன் போட்டிருக்கிறார். "உங்கட அம்மா ஒருக்காலும் துருப்பை மறக்கிறவ இல்லை. இப்ப ரெண்டு கிழமையா மறக்கிறா. ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுங்கோ."

மகளுக்கு இது வேடிக்கையாக இருந்தது. எனக்கு வேடிக்கையாக இல்லை. தினமும் பேசுகிற வீட்டுக்காரர்களுக்குக்கூடத் தெரியாத மாற்றம், எதிரே உட்கார்ந்து ஆடுகிறவருக்குத் தெரியும். விசாரித்தேன். காலில் மதமதப்பு, சோர்வு, பசியின்மை... சுத்த சைவம். நாடி பார்த்து ஒரு வல்லாரை லேகியம் கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் இந்த மாதிரி நேரத்தில் முதலில் காரணத்தைத் தேட வேண்டும். பொது மருத்துவரிடம் அனுப்பி, ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னேன். வைட்டமின் பி12 மிகவும் குறைந்திருந்தது. அந்த மருத்துவர் ஊசி போட்டார். மூன்று மாதம் கழித்து அம்மா என் எதிரே உட்கார்ந்து சொன்னார்:

"நேத்து எதிராளியோட கேள்வியை உடைச்சுட்டோம் டாக்டர்!"

எல்லா மறதிக்கும் பி12 காரணம் இல்லை. தைராய்டு குறைபாடாக இருக்கலாம், மனச்சோர்வாக இருக்கலாம், மறதி நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். சீக்கிரம் தெரிந்தால் சீக்கிரம் வைத்தியம் பார்க்கலாம், அவ்வளவுதான். அன்று நான் அந்த அம்மாவிடம் கேட்டேன்: "எனக்கும் இந்த ஆட்டத்தைச் சொல்லித் தர்றீங்களா?"

ஆட்டம் இதுதான்

பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்த காலத்தில், தூத்துக்குடிப் பக்கத்து நண்பர்கள் விடுதியில் இதை ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். இலங்கையிலும் நம் கடலோர ஊர்களிலும் ஆடுகிற ஆட்டம். கேரளாவின் '28' இதற்குத் தம்பி. ஜாக்கியும் ஒன்பதும் ராஜாவையே ஜெயிக்கிற இந்த முறை, டச்சுக்காரர்கள் கொண்டுவந்த ஐரோப்பிய ஆட்டங்களிலிருந்து வந்தது என்று கருதுகிறார்கள். 'துருப்பு' என்ற சொல்லே டச்சு மொழியிலிருந்து வந்தது என்பார்கள்.

நாலு பேர். எதிரெதிரே இருப்பவர்கள் ஜோடி. ஒரு கட்டில் இரண்டு முதல் ஆறு வரை எடுத்துவிட்டால் மீதி 32 சீட்டு. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றும் கிடையாது. பலமும் இதே வரிசைதான். ஓர் இனத்துக்கு 76. நாலு இனத்துக்கு 304. பெயர்க்காரணம் புரிந்ததா?

முதலில் ஆளுக்கு நாலு சீட்டு. அதைப் பார்த்து, "நாங்கள் இத்தனை எடுப்போம்" என்று கேள்வி கேட்க வேண்டும். குறைந்தது 160. அதிகம் கேட்டவர் தன் கையிலிருந்து ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார். அந்த இனம்தான் துருப்பு. பிறகு இன்னும் நாலு சீட்டு. இறக்கிய இனத்தையே எல்லோரும் போட வேண்டும். இல்லாதவர் துருப்பால் வெட்டலாம், அல்லது வேறு சீட்டைக் கழிக்கலாம். நாலு பேர் போட்டது ஒரு பிடி. மொத்தம் எட்டுப் பிடி. கேட்ட எண்ணிக்கையை எடுத்தால் வெற்றி. துருப்பை எப்போது திறப்பது, வெட்டும் சீட்டை எப்படிக் கவிழ்ப்பது என்பதில் ஊருக்கு ஊர், செயலிக்குச் செயலி சின்ன வித்தியாசம் உண்டு. ஆரம்பிக்கும் முன் படித்துக்கொள்ளுங்கள்.

என் முதல் தோல்வி

ஒரு வாரம் செல்போனில் கம்ப்யூட்டரோடு மட்டும் ஆடிப் பழகினேன். தப்பான இனத்தைப் போட்டால் அதுவே தடுத்துவிடும். புதியவர்களுக்கு இது பெரிய சௌகரியம். பிறகு லண்டன் தம்பி வராத ஒரு நாள், அவர் இடத்தில் என்னை உட்கார வைத்தார்கள். என் ஜோடி கோயம்புத்தூர் அம்மாள்.

கையில் இஸ்பேடு ஜாக்கியும் ஆஸும் வந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. 200 என்று கேட்டுவிட்டேன்! இஸ்பேடு ஒன்பதும் இன்னும் மூன்று துருப்பும் டொரன்டோ அம்மாளிடம் இருந்தன. ஆட்டம் முடிந்ததும் வாட்ஸ்அப்பில் மூன்று பேரும் பிடித்துக்கொண்டார்கள்.

"ஏனுங்க டாக்டர், என்ன தைரியத்துல எரநூறு கேட்டீங்க?" – இது கோவை.

"துருப்பு எத்தினை போயிட்டுது எண்டு எண்ணினீங்களோ?" – இது டொரன்டோ.

"மருந்துச்சீட்டு எழுதறப்போ அளவு பார்க்கறீங்க. இந்தச் சீட்டுக்கு மட்டும் அளவு வேண்டாமா?" – இது அடையாறு!

ஜெயிக்க என்ன செய்யணும்?

அந்த அம்மா எனக்குச் சொல்லித்தந்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

1. கேள்வியில் ஆசை கூடாது. பல இடங்களில் 200-க்குக் கீழே கேட்டு ஜெயித்தால் ஒரு கல், தோற்றால் இரண்டு கல் போகும். (அவர்கள் வீட்டில் அந்தக் காலத்தில் கல்லுக்குப் பதில் புளியங்கொட்டை!) ஒரே இனத்தில் ஜாக்கியோடு ஒன்பதும், கூட இன்னொன்றும் இருந்தால் தைரியமாகக் கேட்கலாம். ஜாக்கியும் ஒன்பதும் மட்டுமே 50 ஆயிற்றே! தனி ஜாக்கியை நம்பிக் கேட்டால் என் கதிதான்.

2. முதலில் நாலே நாலு சீட்டை எண்ணுங்கள். எல்லாச் சீட்டையும் நினைவில் வைக்க முயன்றால் ஒன்றும் நிற்காது. 'நாலு ஜாக்கியும் எங்கே?' இதை மட்டும் ஒரு வாரம் கவனியுங்கள். அடுத்த வாரம் ஒன்பதுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. அடுத்து துருப்பு. ஓர் இனத்தில் எட்டுச் சீட்டு. உங்கள் கையில் மூன்று என்றால் வெளியே ஐந்து. விழ விழ ஐந்திலிருந்து கழித்துக்கொண்டே வாருங்கள். பூஜ்யம் வந்ததும் உங்கள் சின்னத் துருப்பும் ராஜாதான்.

4. ஜோடியின் பிடிக்குச் சோறு போடுங்கள். அவர் ஜெயிக்கிற பிடியில் பத்து, ஆஸ் எல்லாம் கொட்டலாம். எதிராளி ஜெயிக்கிற பிடிக்கு ஏழும் எட்டும் போதும். பாதிப் பேர் தோற்பது இங்கேதான்.

5. கேள்வி கேட்காதபோதும் ஆடுங்கள். எதிராளி 160 கேட்டிருந்தால், அதை உடைக்க உங்களுக்கு 145 போதும். "நம்ம கையில ஒண்ணுமில்லே" என்று சோர்ந்துபோவது தப்பு.

6. ஆட்டத்தின் நடுவே ஜோடிக்கு போன் போடாதீர்கள். அது கள்ளாட்டம். அவர் முதலில் எதை இறக்குகிறார், எதைக் கழிக்கிறார் என்று பார்த்தே மனசைப் படிக்க வேண்டும். மூளைக்கு வேலையே அங்கேதான் இருக்கிறது.

வயசு ஒரு தடையா?

"இனிமே கத்துக்கிட்டு என்ன ஆகப்போகுது?" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. பிடி பிடிக்கும் ஆட்டங்களுக்கெல்லாம் பெரியண்ணன் பிரிட்ஜ். 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் அது முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது, ஆண்கள் ஜோடிப் பிரிவில் தங்கம் வாங்கியது நம் நாட்டின் பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார். அப்போது பர்தனுக்கு வயது 60, சர்க்காருக்கு 56!

2003-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. 75 வயதைக் கடந்த 469 பேரைச் சில வருஷங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். படிப்பது, பலகை விளையாட்டு அல்லது சீட்டு, இசைக்கருவி, நடனம் என்று ஏதாவது ஒன்றில் அடிக்கடி ஈடுபட்டவர்களுக்கு மறதி நோய் குறைவாக வந்தது. ஆடினதால் நோய் வரவில்லையா, நோய் இல்லாததால் ஆட முடிந்ததா என்பதை அந்த ஆய்வு நிரூபித்துவிடவில்லை. ஆகவே சீட்டு மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். தினமும் ஒரு மணி நேரம் நாலு பேர் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதே, தனியாக இருக்கும் பெரியவர்களுக்குப் பாதி பலம்.

பணம் வந்தால் நோயும் வரும்

இரண்டு வருஷம் முன்பு தூக்கமில்லை, நெஞ்செரிச்சல் என்று ஓர் இளைஞர் வந்தார். மருந்து கொடுத்தும் குணமாகவில்லை. நாலாவது முறை வந்தபோதுதான் அழுதுகொண்டே சொன்னார், செல்போன் ரம்மியில் சம்பளம் முழுவதும் போய், மனைவியின் வளையலும் அடகுக்குப் போன கதையை. வீட்டில் சொல்லச் சொன்னேன். மனநல மருத்துவரிடமும் அனுப்பினேன். பிறகுதான் தூக்கம் வந்தது.

தமிழ்நாட்டில் இதற்காக 2023-ல் சட்டம் வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்தது. இருந்தும் வேறு பெயரில் ஆசை காட்டுகிறவர்கள் இருக்கலாம். வங்கிக் கணக்கு எண், ஓ.டி.பி. கேட்கிற செயலி என்றால் உடனே நீக்கிவிடுங்கள். தெரிந்தவர்கள் மட்டும் சேரும்படி தனி அறை வைத்து ஆடும் வசதி இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். அம்மா, அப்பாவுக்கு இதை அமைத்துக் கொடுப்பது பிள்ளைகள் பொறுப்பு.

டாக்டருக்கே கழுத்துப்பிடிப்பு!

ஊருக்கு உபதேசம் செய்கிற நானும் ஒரு ராத்திரி 'இன்னும் ஒரே ஆட்டம்' என்று ஒரு மணி வரை உட்கார்ந்தேன். மறுநாள் கண் எரிச்சல், கழுத்துப்பிடிப்பு, நாடி பார்க்கும்போது கொட்டாவி. "கண்விழிச்சா பித்தம் ஏறும்னு ஊருக்கெல்லாம் சொல்வீங்களே?" என்று என் மனைவி கேட்டாள். பதில் இல்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு இந்த விதிகளை எழுதினேன்:

* ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் போதும். ராத்திரி ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள்.
* செல்போனைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி ஒரு தாங்கியில் வையுங்கள். முடிந்தால் பெரிய திரை.
* 20 நிமிஷத்துக்கு ஒரு முறை ஜன்னல் வழியே தூரத்தில் ஒரு மரத்தைப் பாருங்கள். அடையாறில் மரத்துக்கா பஞ்சம்!
* முக்கால் மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள். சீட்டுக்காகச் சாயங்கால நடையை விடாதீர்கள்.
* நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர் திடீரென்று துருப்பை மறந்தால், முறை மாறிப் போட்டால், கேலி செய்யாதீர்கள். இரண்டு வாரம் கவனியுங்கள். தொடர்ந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பேச்சுக் குழறல், வாய் கோணல், கை பலமிழப்பு சேர்ந்து வந்தால் ஒரு நிமிஷம்கூடக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

போன வாரம் அந்த மகள் மறுபடி வந்தார். இந்தத் தடவை முறைப்பு இல்லை.

"டாக்டர், வாரத்துல ரெண்டு நாள் நானும் அம்மாவோட உட்கார்றேன். எண்ணத்தான் வரமாட்டேங்குது."

"முதல்ல நாலு ஜாக்கியை மட்டும் எண்ணுங்க" என்றேன்.

"இதையேதான் அம்மாவும் சொல்றா!" என்றார்.