குடியிருப்புச் சங்கங்கள் போலீசாரை ஒப்பந்தத்தில் அமர்த்த முடியுமா? டெக்சாஸ் நடைமுறையும் இந்தியச் சட்டமும்

இந்தியப் பெருநகரங்களில் குடியிருப்பு வளாகங்களின் வாயிலில் காவல் நிற்போர் தனியார் நிறுவன ஊழியர்கள். அவர்களுக்கான ஊதியத்தைக் குடியிருப்போர் நலச் சங்கங்கள் மாதாந்திரப் பராமரிப்புக் கட்டணத்திலிருந்து வழங்குகின்றன. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இதே போன்ற சங்கங்கள் பணம் செலுத்தி, சீருடையும் துப்பாக்கியும் கைது செய்யும் அதிகாரமும் கொண்ட அரசுப் போலீசாரையே தங்கள் பகுதி ரோந்துக்குப் பெற்று வருகின்றன.

ஹூஸ்டன் நகரை உள்ளடக்கிய ஹாரிஸ் கவுண்டியில் இந்த நடைமுறை விரிவாகக் காணப்படுகிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு 47 லட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்கின்றனர். அவர்களில் ஏறக்குறைய 20 லட்சம் பேர் எந்த நகராட்சிக்கும் உட்படாத பகுதிகளில் உள்ளனர். அப்பகுதிகளுக்கு நகரப் போலீஸ் கிடையாது. கவுண்டியின் ஷெரீப் அலுவலகமும் 8 கான்ஸ்டபிள் அலுவலகங்களுமே காவல் பணியைக் கவனிக்கின்றன. இங்கு கான்ஸ்டபிள் என்பவர் இந்தியாவில் உள்ளதுபோல் கடைநிலைக் காவலர் அல்லர். 4 ஆண்டுகளுக்கு ஒரு முறை வாக்காளர்களால் தேர்ந்தெடுக்கப்படும் அலுவலகத் தலைவர். அவருக்குக் கீழ் துணை அதிகாரிகள் பணியாற்றுகின்றனர்.

அந்தத் துணை அதிகாரிகளின் பணிநேரத்தையே சங்கங்கள் ஒப்பந்தம் மூலம் பெறுகின்றன. அரசு சாராத சங்கம் ஒன்றுடன் கட்டண அடிப்படையில் காவல் சேவை ஒப்பந்தம் செய்துகொள்ள, டெக்சாஸ் உள்ளாட்சிச் சட்டத்தின் 351-ஆவது அத்தியாயம் கவுண்டி நிர்வாகத்துக்கு அனுமதி அளிக்கிறது. வீட்டு உரிமையாளர்கள் சங்கம் கோரிக்கை வைத்து, கவுண்டியின் ஆணையர் மன்றம் ஒப்புதல் அளித்தால் ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும்.

கட்டணக் கணக்குதான் இதில் கவனிக்கத்தக்கது. ஹாரிஸ் கவுண்டியில் நீண்டகாலமாக வழக்கத்தில் உள்ள '70/30' ஒப்பந்தத்தின்படி, ஓர் அதிகாரிக்கான செலவில் 70 சதவீதத்தைச் சங்கம் ஏற்கும். அவரும் தமது பணிநேரத்தில் 70 சதவீதத்தை அந்தக் குடியிருப்பில் செலவிடுவார். எஞ்சிய 30 சதவீதம் கவுண்டியின் பொதுப் பணிக்கு உரியது. அதற்கான செலவு பொது வரிப்பணத்திலிருந்து வரும். முழுச் செலவையும் சங்கமே ஏற்கும் ஒப்பந்தங்களும் உண்டு. வீட்டுக்காரர்கள் வெளியூர் செல்லும்போது அவர்கள் தரும் தகவலின்பேரில் பூட்டிய வீட்டைப் பார்வையிட்டு வருவது இத்தகைய ரோந்தின் அன்றாடப் பணிகளில் ஒன்று.

இதை ஆதரிப்போர் கூறும் காரணம் எளிமையானது. கூடுதல் பாதுகாப்பு வேண்டுவோர் கூடுதலாகப் பணம் தருகின்றனர்; கவுண்டிக்குக் கூடுதல் அதிகாரிகள் கிடைக்கின்றனர்; இதனால் யாருக்கும் இழப்பில்லை என்பது அவர்களின் வாதம். அது முழுமையாகப் பொருந்துவதாகத் தெரியவில்லை. 30 சதவீதப் பங்கு அனைவரின் வரிப்பணம். ஆனால் அந்த அதிகாரி தமது நேரத்தின் பெரும்பகுதியில் எங்கே இருப்பார் என்பதைப் பணம் செலுத்தக்கூடிய சங்கமே தீர்மானித்துவிடுகிறது. அடுத்த சாலையில், சங்கமே இல்லாத வாடகைக் குடியிருப்பில் வசிப்பவரும் வரி செலுத்துகிறார். அவர் உதவிக்கு அழைத்தால், பொதுப் பணியில் உள்ள அதிகாரி வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

ஒப்பந்தம் செய்துகொண்டாலும் அதிகாரி சங்கத்தின் ஊழியர் ஆகிவிடுவதில்லை. அவரை மேற்பார்வையிடும் உரிமை கான்ஸ்டபிளிடமோ ஷெரீபிடமோ இருக்கும். அவசர காலத்தில் அவரை வேறு இடத்துக்கு அனுப்பவும் சட்டம் இடமளிக்கிறது. எனினும் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்பது சங்கத்தின் கையில் உள்ளது. ஒப்பந்தம் முடிந்தால் அந்த அலுவலகத்தின் வருவாய் குறையும். தெருவில் அறிமுகமற்ற ஒருவர் நடந்து செல்வதைச் 'சந்தேகத்துக்குரியது' என்று சங்க உறுப்பினர் தெரிவிக்கும்போது, அந்த அதிகாரி எவ்வளவு சுதந்திரமாக முடிவெடுப்பார் என்ற கேள்வி இங்குதான் எழுகிறது.

இந்தியாவில் இத்தகைய ஏற்பாடு முற்றிலும் புதியதன்று. 1861-ஆம் ஆண்டு போலீஸ் சட்டத்தின் 13-ஆவது பிரிவின்படி, தேவையை எடுத்துரைத்து விண்ணப்பிக்கும் எந்த நபருக்கும் கூடுதல் போலீசாரை அனுப்பலாம். செலவு விண்ணப்பித்தவருடையது; ஆனால் அந்தப் போலீசார் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் உத்தரவுக்கு மட்டுமே கட்டுப்பட்டவர்கள். ஒரு மாத அறிவிப்புக் கொடுத்து அவர்களைத் திரும்பப் பெறுமாறு விண்ணப்பதாரர் கோரலாம். அதே சட்டத்தின் 15-ஆவது பிரிவு நேர்மாறானது: கலவரப் பகுதியில் கூடுதல் போலீசாரை நிறுத்தி, கேளாமலேயே அதன் செலவை அப்பகுதி மக்களிடம் வசூலிக்க அது வழிசெய்தது. பிரிட்டிஷ் ஆட்சியில் கூடுதல் போலீஸ் என்பது பல இடங்களில் தண்டனையாகவே இருந்தது.

அரசமைப்புச் சட்டத்தின் 7-ஆவது அட்டவணைப்படி போலீஸ் துறை மாநிலப் பட்டியலில் உள்ளது. பல மாநிலங்கள் தனியே போலீஸ் சட்டங்களை இயற்றியுள்ளதால், கட்டணம் செலுத்திப் பாதுகாப்புக் கோருவதற்கான விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. மத்திய அளவில், 2008 மும்பை தாக்குதலுக்குப் பிறகு 2009-இல் மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படைச் சட்டம் திருத்தப்பட்டு, தனியார் நிறுவனங்களும் செலவை ஏற்று அப்படையின் பாதுகாப்பைப் பெற வழி ஏற்பட்டது. அதே ஆண்டில் பெங்களூருவிலுள்ள இன்ஃபோசிஸ் வளாகம் அப்பாதுகாப்பைப் பெற்றது. குடியிருப்புச் சங்கங்களுக்கு அத்தகைய வழி இல்லை.

எனவே வாயிலில் நிற்பவர் 2005-ஆம் ஆண்டு தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்ற நிறுவனத்தின் ஊழியர். அவருக்குப் போலீஸ் அதிகாரம் கிடையாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆவது பிரிவின்படி, தம் கண்ணெதிரே பிணையில் விட இயலாத, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றத்தைப் புரிபவரைப் பிடிக்க எந்தக் குடிமகனுக்கும் உள்ள உரிமையே அவருக்கும் உண்டு. பிடிபட்டவரைத் தேவையற்ற தாமதமின்றி, 6 மணி நேரத்துக்குள் போலீசாரிடம் ஒப்படைக்க வேண்டும்.