டெய்லரின் கடிகாரமும் ஷ்மிட்டின் வீடும்

டெய்லரியம் என்றதும் நம் தோழர்கள் வேலைப்பளு, கூலி என்று பேசி முடித்துவிடுகிறார்கள். விஷயம் அதோடு நிற்பதில்லை என்றே எனக்குப் படுகிறது.

ஃபிரெடரிக் வின்ஸ்லோ டெய்லர் 1911இல் வெளியிட்ட 'விஞ்ஞான மேலாண்மையின் கோட்பாடுகள்' நூலில் ஷ்மிட் என்றொரு தொழிலாளி வருகிறார். இடம் அமெரிக்காவின் பெத்லஹேம் எஃகு ஆலை, வருடம் 1899. 92 பவுண்டு இரும்புப் பாளத்தைத் தூக்கிக்கொண்டுபோய் ரயில் வண்டியில் போட வேண்டும். நாளொன்றுக்கு 12.5 டன் என்றிருந்தது 47.5 டன் ஆகிறது. எப்படி? கடிகாரத்தோடு ஓர் ஆள் பக்கத்திலேயே நிற்கிறார். தூக்கு என்றால் தூக்கணும், உட்கார் என்றால் உட்காரணும், எதிர்ப்பேச்சு கூடாது. கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர். வேலை ஏறத்தாழ நாலு மடங்கு. கூலி உயர்வோ சுமார் 60 சதவீதம்தான்.

இந்தக் கணக்கைப் போட்டுக்காட்டிவிட்டு நாம் ஓய்ந்துவிடுகிறோம். டெய்லர் குறிவைத்தது வேறொன்றை. ஒரு வேலையை எப்படி, எவ்வளவு நேரத்தில் செய்வது என்கிற அறிவு அதுவரை தொழிலாளிகளின் கையில் இருந்தது. வேண்டுமென்றே மெதுவாகச் செய்ய அவர்களால் முடிந்ததும் அதனால்தான். அந்த அறிவைத் துண்டுதுண்டாக அளந்து, திட்ட அறைக்குக் கொண்டுபோய், கட்டளைச் சீட்டாகத் திருப்பித் தருவதுதான் அவருடைய 'விஞ்ஞானம்'. ஒரு ஃபோர்மேனுக்குப் பதில் எட்டுப் பேர்: நாலு பேர் திட்ட அறையில், நாலு பேர் பட்டறையில். சிந்தனை வேறு, செயல் வேறு என்று உழைப்பு பிளக்கப்படுவதை ஹாரி பிரேவர்மன் 1974இல் விரிவாக விளக்கினார்.

பிளந்ததை நியாயப்படுத்த வேண்டுமே! இரும்பு தூக்குகிறவனை மாட்டோடு ஒப்பிடுகிறார் டெய்லர். அந்த வேலையின் விஞ்ஞானம் அவனுக்கே விளங்காது என்கிறார். ஆனால் வேலைக்கு முன்னும் பின்னும் ஷ்மிட் தனக்கென்று ஒரு சிறு வீட்டுக்குச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார் என்பதும் அதே நூலில் இருக்கிறது. வீடு கட்டத் தெரிந்தவருக்கு இரும்பு தூக்கத் தெரியாதாம்.

தொழிலாளிகள் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். 1911 ஆகஸ்டில் வாட்டர்டவுன் ராணுவத் தளவாட ஆலையின் வார்ப்புத் தொழிலாளர்கள் ஸ்டாப்வாட்ச்சை எதிர்த்து வெளிநடப்புச் செய்தார்கள். ஆனால் லெனின்? 1914இல் இதை மனிதனை எந்திரத்துக்கு அடிமையாக்கும் முறை என்றவர், 1918இல், அதன் கொடுமையைச் சுட்டிக்காட்டியபடியே, சோவியத் ரஷ்யா அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார்.

ஆலை யாருடையது என்று கேட்கிறோம், கூலி எவ்வளவு என்று கேட்கிறோம். சரிதான். அந்தக் கட்டளைச் சீட்டை எழுதுவது யார் என்றும் கேட்க வேண்டாமா?